ஜெபப் புத்தகத்தில் வெள்ளிப் பூச்சி

மழைக்காலம் வந்தால் ராயபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவர் ஈரம் ஏறி ஓதம் காத்துவிடும். பீரோவை ஒட்டியிருப்பதும் அந்தச் சுவர்தான். போன வருடம் மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்தேன். கஞ்சி போட்ட புடவை மடிப்பிலிருந்து வெள்ளி நிறப் பூச்சி ஒன்று நெளிந்து ஓடியது. சிலர் ராமபாணம் என்பார்கள். எங்களுக்கு வெள்ளிப் பூச்சி. புடவைகளை எடுக்க எடுக்க ஏழெட்டு ஓடின.

மேல் போர்ஷனில் இருக்கும் பாய் தண்டையார்பேட்டையில் பழைய பேப்பர் குடோன் வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டேன்.

"வெறும் அந்துருண்டையால ஒண்ணும் ஆவாதும்மா. அல்லாத்தையும் வெயில்ல போடு. சந்துல போரிக் பவுடர் தூவு. கஞ்சி, பசை எங்க கீதோ அங்கதான் அது குந்திகினு இருக்கும்," என்றார்.

எல்லாவற்றையும் மொட்டைமாடியில் பரப்பினேன். அம்மாவின் ஜெபப் புத்தகத்தை உதறியபோது அட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த தாள் அப்படியே கழன்று வந்தது. பசையைப் பூச்சி தின்றிருந்தது. அடியில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு பெண் குழந்தையின் பெயரும் இரண்டு தேதிகளும் இருந்தன. இரண்டுக்கும் இடையே பதினொரு நாள். நான் பிறப்பதற்கு முந்தைய வருடம்.

நாற்பது வயது வரை நான்தான் மூத்தவள் என்று நினைத்திருந்தேன்.

அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். புத்தகத்தை நீட்டினேன்.

"இன்னாம்மா இது?"

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். "உனக்கு முன்னாடி பொறந்தது. மூச்சு வுடவே கஷ்டப்பட்டுகினு இருந்துச்சு."

"ஏம்மா சொல்லவே இல்ல?"

"நான் தெனம் இதத் தொறந்து வச்சிகினு அயுவேன். நீ வயித்துல இருந்த. உங்க நைனாதான் மைதா காச்சி மேல தாளு ஒட்டுனாரு. பொறக்கப் போறதப் பாருன்னாரு. நானும் பிரிக்கல."

துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த அப்பா சாகும்வரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கொஞ்சம் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"திரும்ப ஒட்டிடவா?"

"வேணா. பூச்சி போனா போதும்."

பெயின்ட் பிரஷ்ஷால் பக்கம் பக்கமாகத் தூசு தட்டினேன். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, சந்தில் பவுடர் தூவினேன். இரண்டு வாரத்தில் பூச்சி குறைந்தது, அடியோடு போகவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு அம்மாவே கல்லறைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டாள். குழந்தைக்கென்று அங்கே பெயர்க் கல் எதுவும் இல்லை. மதில் ஓரம் ஓர் இடத்தைக் காட்டி, "இங்கதான். அப்ப இந்த மரம் இல்ல," என்றாள். மெழுகுவத்தி ஏற்றினோம். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போதுதான், குழந்தைக்குத் தலை நிறைய முடி இருந்தது என்று சொன்னாள்.