சோற்றில் போட்ட கோடு

எங்கள் வீட்டில் இரண்டு பாப்பாக்கள். நான்கு நிமிட இடைவெளியில் பிறந்த இரட்டைப் பெண்கள். நாள் நட்சத்திரம் எல்லாம் பார்த்து நல்ல பெயர்களாகத்தான் வைத்தோம். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவை பயன்படவில்லை. பெரியவள் சின்னவளைப் பாப்பா என்று கூப்பிடுவாள். சின்னவளும் பெரியவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். நாங்கள் பாப்பா என்று ஒரு குரல் கொடுத்தால் இரண்டு பேரும் ஓடி வருவார்கள், இல்லையென்றால் இரண்டு பேருமே வரமாட்டார்கள்.

திண்டிவனத்தில் மாடி வீடு, வாடகைக்கு. எனக்கு வேலை விழுப்புரத்தில். காலை ஏழரைக்குப் பஸ் பிடித்தால் திரும்பி வர இரவு எட்டாகிவிடும். அதனால் காலையில் அவர்களைக் குளிப்பாட்டுகிற அரை மணி நேரம் என்னுடையது என்று பேசி வாங்கிக்கொண்டேன். ஒருத்தி தலையில் தண்ணீர் ஊற்றினால் மற்றவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். இவளைத் துவட்டி முடிப்பதற்குள் அவள் மறுபடியும் பக்கெட்டுக்குள் இறங்கி நிற்பாள். சோப்பு எங்கே போனது என்று தேடினால் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். பாதி நனைந்த உடம்போடுதான் தினமும் ஆபீஸ் சட்டையை மாட்டினேன். என் நாளில் அதைவிடச் சந்தோஷமான அரை மணி நேரம் வேறு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் ஒரு சுற்று. முன்னால் நிற்கிற இடத்துக்குத்தான் அடிதடி. போகும்போது பெரியவள், வரும்போது சின்னவள் என்று சட்டம் போட்டேன். கடையில் வண்டியை நிறுத்தினால் போதும், யாராவது ஒருவர் "ரெட்டையா?" என்று ஆரம்பிப்பார். எது மூத்தது, எத்தனை நிமிஷம், ரெண்டும் ஒரே நேரத்தில் அழுமா என்று வரிசையாகக் கேள்வி வரும். ஒரு முறை பூக்கடை அம்மா என் மனைவியிடம், ரெட்டை வாழைப்பழம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டார். "ஒரு சீப்பு சாப்ட்டேங்க, ஆண்டவன் ரெண்டோட நிறுத்திக்கினான்" என்றாள் இவள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே இரண்டு முழம் பூவோடு இன்னும் ஒரு சாண் சேர்த்துக் கொடுத்தார்.

யார் யாரென்று எனக்கு மட்டும் குழம்பாது. மாடிப்படியில் ஏறி வருகிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். பெரியவள் குதிகாலை ஊன்றி ஏறுவாள், சின்னவளுக்கு விரல் நுனி. சொந்தக்காரர்கள் தடுமாறும்போது நான் பத்தடி தள்ளி நின்று சரியாகச் சொல்வேன். இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. என் பிள்ளைகளை என்னைவிட யாருக்குத் தெரியும் என்கிற திமிர். அது விழுப்புரத்தில் என் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இறங்கியது.

இருவரும் எல்.கே.ஜி. முடிக்கிற சமயம். மாசி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குளிப்பாட்டும்போது பெரியவளின் முதுகில் மூன்று கொப்புளங்களைப் பார்த்தேன், ஆபீஸுக்கு லீவு சொன்னேன். மதியத்துக்குள் வயிறு, கழுத்து, நெற்றி எல்லாம் ஏறிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு அம்மைதான் என்றார். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, இருவரும் ஒரே வகுப்பு, ஒரே வீடு, சின்னவளுக்கும் அநேகமாக வரும், பிரித்து வைத்துப் பெரிய பயன் இருக்காது என்றும் சொன்னார். கீழ் வீட்டு அம்மா ஒரு கட்டு வேப்பிலை கொண்டுவந்து வாசலில் செருகினார். வீட்டில் இனி தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, பெரியவளின் முன்னால் நின்று கைகூப்பினார். வீட்டுக்கு மாரியாத்தா வந்திருக்கிறாள் என்று பிள்ளைகளுக்கு விளக்கமும் கொடுத்தார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒருத்தியையாவது காப்பாற்றலாமே. என் ஆபீஸிலிருந்து பத்து நிமிடத்தில் அக்கா வீடு. அங்கே அக்காவும் மாமாவும் மட்டும்தான். இருவருக்கும் சின்ன வயதிலேயே அம்மை போட்டுப் போய்விட்டது, எனக்கும் அப்படியே. சின்னவளை அழைத்துக்கொண்டு நானும் அங்கே போய் ஒரு வாரம் இருக்கலாம். என் மனைவி ஒப்பவில்லை. "வந்தா ரெண்டுக்கும் வரட்டுங்க. பொறந்ததுலேந்து ஒரு நாள் பிரிச்சதில்ல. வேணாம்" என்றாள். டாக்டரும் சொன்னார், பெற்றவளும் சொன்னாள். நான் கேட்கவில்லை. அன்று மாலையே மாமாவின் காரை வரவழைத்துச் சின்னவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பெரியவள் வேப்பிலைப் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். அழவில்லை. சின்னவளும் அழவில்லை. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று மனைவியிடம் வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அக்கா இரண்டு இட்லி வைத்தாள். சின்னவள் ஒன்றைத் தின்றுவிட்டு எழுந்துவிட்டாள். மதியம் நான் ஆபீஸிலிருந்து சாப்பிட வந்தபோது தயிர்ச்சோறு பாதி அப்படியே இருந்தது. இரவு தோசையிலும் பாதி. மறுநாள் அக்கா உஷாராகி நான்கு இட்லி வைத்தாள், இரண்டு போயிற்று. ஒன்றே ஒன்றை வைத்துப் பார்த்தாள், சின்னவள் அதையும் பிய்த்துப் பாதியை ஒதுக்கிவிட்டாள். சப்பாத்தி, உப்புமா, கேப்பைக்கூழ், எது கொடுத்தாலும் இதே கதை. "இன்னாடா இது, எது வெச்சாலும் பாதிய நகத்தி வெக்கிறா. உன் பொண்ணுக்கு இன்னா புடிக்கும், அதையாவது சொல்லு" என்றாள் அக்கா.

இட்லியா தோசையா என்று வீட்டில் கேட்டால் பெரியவள்தான் இருவருக்கும் சேர்த்துச் சொல்வாள். அவர்கள் சாப்பிடுகிற நேரத்தில் நான் பஸ்ஸில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களை முதலில் சாப்பிடவைத்துவிட்டு நாங்கள் நிதானமாக உட்காருவோம். மாடிப்படிச் சத்தத்தை வைத்துப் பெயர் சொல்கிற அப்பனுக்கு, பிள்ளைக்குப் பிடித்த சாப்பாடு எது என்று தெரியவில்லை. அக்கா முன்னால் வெட்கமாகப் போய்விட்டது.

பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். மாமா பொம்மை வாங்கி வந்தார். ஒரு கையில் வாங்கிக்கொண்டு இன்னொரு கையையும் நீட்டினாள். மாமாவுக்குப் புரிந்து, மறுபடி கடைக்குப் போய் அதே பொம்மை இன்னொன்று வாங்கி வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அவள் ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

மனசு மாறுமென்று வீடியோ காலில் பெரியவளைக் காட்டினேன். அது இன்னும் மோசம். பெரியவள் உடம்பெல்லாம் கொப்புளத்தோடு, கட்டிலில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இளநீர். "பாப்பா, எங்கிட்ட மாரியாத்தா வந்திருக்காங்க. எல்லாரும் என்னக் கும்புட்டுக்கினு போறாங்க" என்று சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். சின்னவள் அந்தக் கொப்புளங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வைத்த பிறகு தன் சட்டையையும் தூக்கிப் பார்த்தாள். வெறும் வயிறு.

"எங்கிட்ட ஏம்ப்பா வரல?" என்று கேட்டாள்.

அவளுக்கு எதுவும் தனியாக வந்ததில்லை, தனியாக வராமலும் இருந்ததில்லை. கவுன் வந்தால் இரண்டு வரும், சளி வந்தால் இருவருக்கும் வரும். முதல் முறையாக ஒன்று பாப்பாவுக்கு மட்டும் வந்திருக்கிறது, அதுவும் சாமி. வருவாங்க என்று சொல்ல வாய் வரவில்லை, வரமாட்டாங்க என்றும் சொல்ல முடியவில்லை. எழுந்து போய் மொட்டைமாடியில் நின்றுகொண்டு மனைவிக்குப் போன் போட்டேன். பிள்ளை சாப்பிடவில்லை, பேசவில்லை, நான் தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொன்னேன். கல்யாணமான எட்டு வருஷத்தில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அநேகமாக அதுதான் முதல் தடவை. இவள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. தயிர்ச்சோற்றில் கோடு போட்டாளா என்று கேட்டாள்.

என்ன கோடு என்றேன்.

பிறகுதான் சொன்னாள். இரண்டு தட்டு வைத்தால் எதில் அதிகம் என்று சண்டை வருகிறதாம். அதனால் ஒரு வருஷமாகவே ஒரே தட்டுதான். பெரியவள் விரலால் சோற்றின் நடுவில் ஒரு கோடு இழுப்பாள். அந்தப் பக்கம் அவளுடையது, இந்தப் பக்கம் சின்னவளுடையது. கோட்டைத் தாண்டி ஒரு பருக்கை எடுத்தாலும் பஞ்சாயத்து. "அவ சாப்பிடாம இல்லீங்க. அவ பங்க முழுசா சாப்ட்டுக்கினுதான் இருக்கா. மீதி இவளுது" என்றாள்.

கீழே வந்து பார்த்தேன். கழுவாமல் கிடந்த தட்டில் மீந்த சோற்றின் விளிம்பு கோடு கிழித்த மாதிரி நேராக இருந்தது. ஒரு பக்கம் சுத்தமாகத் துடைத்திருந்தது. மறுபக்கம் விரல் படவில்லை. மூன்று நாளாக அந்தத் தட்டுகளை நானும்தான் பார்த்தேன். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அடுத்த வேளை அக்காவிடம் ஒரே தட்டில் நிறையச் சோறு போடச் சொன்னேன். தரையில் சின்னவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவள் கோடு போட்டாள். நான் அந்தப் பக்கத்தைச் சாப்பிட ஆரம்பித்தேன். என் விரல்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அது பாப்பாவுடையது என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டே மென்றேன். சொல்லவில்லை. தன் பக்கத்தை முடித்துவிட்டு, "இன்னும் போடச் சொல்லுப்பா" என்றாள். இரண்டாவது முறையும் கோடு போட்டுச் சாப்பிட்டோம். அவளுக்கு மாங்காய் ஊறுகாய் பிடிக்கும், தயிர்ச்சோற்றில் உப்புக் கம்மியாக இருந்தால் பிடிக்காது, கறிவேப்பிலையை ஒதுக்காமல் மெல்லுவாள். இவ்வளவும் அன்று ஒரே வேளையில் தெரிந்துகொண்டேன். இரண்டு நாள், வேளைக்கு ஒரு தட்டு. வளவளவென்று பேசவும் ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிப்பாட்டத் தூக்கினேன். அவள்தான் முதலில் பார்த்தாள். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒன்று, இடுப்போரம் இரண்டு. என் முகத்தைத் திருப்பி வயிற்றைக் காட்டினாள்.

"எங்கிட்டயும் வந்துட்டாங்கப்பா."

பெற்ற பிள்ளைக்கு அம்மை போட்டதற்குச் சந்தோஷப்பட்ட அப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஈரத்தோடு அவளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். அக்கா என்னமோ ஏதோவென்று பதறி வந்து பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை சிரிப்பு என்று என்னைத் திட்டினாள், பிறகு பின்பக்கம் போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்தாள். அரை மணி நேரத்தில் மாமா காரை எடுத்தார். முன்கண்ணாடியில் வேப்பிலை, பின்சீட்டில் வேப்பிலை, நடுவில் சின்னவள்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் நீண்ட வரிசையில் நின்றன. அவித்த வேர்க்கடலையை மல்லாட்டை என்று கூவி விற்கிற அம்மா ஒருவர் ஜன்னலோரம் வந்தார். சின்னவள் கண்ணாடிக்கு உள்பக்கமிருந்தே வயிற்றைத் திறந்து காட்டினாள். அந்த அம்மா தட்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அத்தனை லாரிகளுக்கு நடுவில் நின்று அவளைக் கும்பிட்டார். அவள் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டினாள். திண்டிவனம் வருகிறவரை அந்த மிடுக்கு குறையவில்லை.

வீட்டில் பெரியவளுக்குக் கொப்புளமெல்லாம் காய ஆரம்பித்திருந்தது. சின்னவள் விரல் நுனியில் படி ஏறி வந்த சத்தத்தைக் கேட்டுக் கட்டிலிலிருந்து குதித்து வந்தாள். இருவரும் கட்டிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அதெல்லாம் இல்லை. வாசலிலேயே உட்கார்ந்து, யாருக்கு எத்தனை கொப்புளம் என்று எண்ண ஆரம்பித்தார்கள். இருவருக்கும் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. அதனால் இருவருக்கும் பத்து என்று முடிவானது.

மதியம் இவள் ஒரே தட்டில் தயிர்ச்சோறு பிசைந்து வைத்தாள். நான் சற்றுத் தள்ளி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பெரியவள் வழக்கம்போல நடுவில் கோடு இழுத்தாள். சின்னவள் உள்ளங்கையால் அதை அழித்தாள். பெரியவள் முறைத்தாள். சின்னவள் நிதானமாக ஒரு கோடு போட்டாள், கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு போட்டாள். தட்டு மூன்றாகிவிட்டது.

"இது யாருது?" என்று கேட்டாள் பெரியவள்.

"அப்பாவுது."

பெரியவள் அந்த மூன்றாவது பங்கை அளப்பதுபோலப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்திலிருந்து நாலு பருக்கையை அங்கே தள்ளிவிட்டாள். மூன்று வாய்க்கு மேல் வராது அந்தப் பங்கு. சின்னவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து கை கழுவப் போனேன். கழுவி வருகிறவரை இருவரும் ஒரு வாய்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.