கையெழுத்துப் போடாதவர்

ஒரு மனிதரை ஒழித்துவிட வேண்டும் என்று ஓராண்டுக்கும் மேலாக எண்ணிக்கொண்டிருந்தேன். அவரை அடிக்க வேண்டும் என்றோ, அவர் வீட்டு வாசலில் நின்று கத்த வேண்டும் என்றோ எனக்கு ஆசை இல்லை. மலேசியாவில் பத்து காஜா என்ற ஊரில் ஒரு கோப்பிக் கடை இருக்கிறது. சனிக்கிழமை தோறும் அங்கே அவர் உட்காரும் மேசை காலியாக வேண்டும். அதை எதிர்மேசையில் உட்கார்ந்து நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். சமூகவியல் படித்துவிட்டு, ஈப்போவில் வசதியில்லாத குடும்பங்களுக்கு உதவும் ஓர் அமைப்பில் வேலை செய்கிறவள் இப்படி நினைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அக்காவின் லோரியைக் காட்டுவேன்.

அக்கா பக்கத்து ஊரான லகாட்டில் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறாள். கல்யாணம், காதுகுத்து, சாவு, கோயில் திருவிழா எதுவானாலும் அந்த வட்டாரத்தில் அவளுடைய நீலக் கூடாரம்தான் நிற்கும். பழைய லோரி ஒன்றைத் தவணையில் வாங்கினாள். அவளே ஓட்டுவாள். இரும்புக் கம்பிகளை இறக்க, விசேஷ நாட்களில் மட்டும் இரண்டு பேர் வருவார்கள். அந்த லோரி இல்லையென்றால் கூடாரம் வீட்டு வராந்தாவைத் தாண்டாது. அக்காவின் பிழைப்பும் தாண்டாது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, தொலைக்காட்சிக்குக் கீழே மடித்து வைத்திருந்த ஒரு கடிதத்தைப் பார்த்தேன். வரி அலுவலகத்தின் கடிதம். மூன்று ஆண்டுக் கணக்கில் காட்டிய செலவுகளுக்கு ஆதாரம் இல்லை என்பதால் அவை நீக்கப்பட்டன. வங்கியில் வரவான தொகை, காட்டிய வருமானத்தை விட அதிகம். ஆகவே கூடுதல் வரி, அதன் மேல் அபராதம். மேல்முறையீடு செய்ய முப்பது நாள். அதில் பன்னிரண்டு நாள் ஏற்கெனவே போயிருந்தது.

“இதுக்கு முன்னாடி லெட்டர் ஏதும் வந்துச்சாக்கா?”

“வந்துச்சு. அண்ணன்கிட்ட குடுத்தேன். விடு தங்கச்சி, ஒண்ணும் ஆவாதுன்னு பேக்ல போட்டுக்கிட்டாரு. இதையும் சனிக்கிழம குடுக்கணும்.”

“எந்த அண்ணன்?”

“நம்ம கிராணி மவன்தான். அவருதானலா எல்லாருக்கும் பாக்குறாரு.”

கிராணி மகன் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பம் இருந்த ரப்பர் தோட்டத்தில் அவருடைய தகப்பனார் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர். பிறப்புப் பதிவு, ஐசி என்னும் அடையாள அட்டை, பள்ளிச் சேர்க்கை எல்லாம் அவருடைய மேசையைக் கடந்துதான் நடக்கும். ரப்பர் பால் வெட்டுகிறவர் பெருவிரலை மையில் ஒற்றுவார்; கிராணி எழுதுவார். என்ன எழுதினீர்கள் என்று கேட்பது, நீங்கள் திருடரா என்று கேட்பதற்குச் சமம். தோட்டம் விற்கப்பட்டு, நாங்கள் குடியிருந்த லய வீடுகள் இடிக்கப்பட்டு, மக்கள் லகாட்டுக்கும் பத்து காஜாவுக்கும் சிதறிய பிறகும் அந்த வழக்கம் கலையவில்லை. தகப்பனாரின் பழுப்புத் தோல் பை மகனுக்கு வந்தது. பையோடு நம்பிக்கையும் வந்தது. புல் வெட்டும் ஒப்பந்தக்காரர், பூக்கடை அக்கா, மீ கோரெங் என்னும் பொரித்த நூடுல்ஸ் விற்பவர், டயர் கடைக்காரர் என்று சிறிதாக ஒரு தொழில் வைத்த எல்லாரும் வரிப் பாரத்தை, அதாவது படிவத்தை, அவரிடம்தான் கொடுத்தார்கள். கூலி ஐம்பது வெள்ளி, அதாவது ஐம்பது ரிங்கிட். வரிப்பணம் திரும்பி வந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு. அடையாள அட்டை நகலையும் வரிக் கணக்கின் ரகசிய எண்ணையும் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

மறுநாள் அந்தக் கோப்பிக் கடைக்குப் போனேன். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் இருந்தார்கள். அக்காவின் கணக்கைக் கைப்பேசியில் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

“அண்ணே, நாலு ஆளுக்குச் சம்பளம்னு போட்டிருக்கீங்க. அக்காகிட்ட ரெண்டு பேருதான். அதுவும் கல்யாணம் காட்சின்னாத்தான் வருவாங்க.”

“ரெண்டு பேருக்கு எத்தன கை? நாலு கை வேல செய்யுதுலா!”

மேசை முழுவதும் சிரித்தது.

“ஸ்டோர் வாடகன்னு ஒண்ணு இருக்கு. சாமானெல்லாம் வீட்டு வராந்தாவுல கெடக்கு.”

“அந்த வராந்தா சும்மாவா வந்துச்சு? அதெல்லாம் அட்ஜஸ்ட்மா. போன வருஷம் காசு திரும்பி வந்தப்ப ஒங்க அக்கா வந்து கேட்டாளா, இது எப்படிண்ணே வந்துச்சுன்னு?”

கேட்கவில்லை. அந்தப் பணத்தில்தான் இருபது நாற்காலி வாங்கினாள். அவர் கைப்பேசியை என் பக்கமே தள்ளினார்.

“சரி, என் பேரு எங்க இருக்கு? காட்டு பாப்போம். நான் எங்கம்மா சைன் பண்ணேன்? எல்லாம் ஒங்க அக்கா பேர்லதான போயிருக்கு.” பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: “இவள யுனிவர்சிட்டிக்கு அனுப்புன பாரம் யாரு எழுதுனது தெரியுமா? நான்தான். இன்னிக்கு என்னயே கேள்வி கேக்குறா. நல்ல படிப்புலா! தே ஓ குடிச்சிட்டுப் போம்மா, காசு நான் குடுக்குறேன்.”

அவர் சொன்னது உண்மை. அந்தப் பாரத்தை அவர்தான் எழுதினார். அதிலும் அவர் பெயர் எங்கும் இல்லை. பால் விடாத அந்தத் தே ஓ தேநீருக்கு நானே காசு கொடுத்துவிட்டு எழுந்தேன். பேருந்தில் ஈப்போ திரும்பும் வழி முழுவதும் புகார்க் கடிதத்தை மனத்துக்குள் எழுதிக்கொண்டு வந்தேன். உரிமம் இல்லாமல் ஊருக்கே வரிக் கணக்கு எழுதுகிறார் என்று ஆரம்பித்து, அவருடைய வாடிக்கையாளர்கள் ஒருவர் விடாமல் பெயர் கொடுக்க வேண்டும் என்பது திட்டம்.

இதற்கிடையில் அக்கா லோரியை விற்றுவிட விலை கேட்டுவிட்டிருந்தாள்.

அதைக் கேள்விப்பட்ட அன்றே, என் அலுவலகத் தோழி சொன்ன ஒரு வரி முகவரிடம் அவளை இழுத்துக்கொண்டு போனேன். ஈப்போவில் கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் சின்ன அலுவலகம். ஐம்பது வயதிருக்கும் தமிழ்க் கிறிஸ்துவப் பெண்மணி. நாங்கள் உட்காருவதற்குள் சுவரில் மாட்டியிருந்த உரிமத்தைக் காட்டினார்.

“மொதல்ல என்னயவே செக் பண்ணுங்க. அந்த நம்பர ஃபோன்ல அடிச்சிப் பாருங்க. அப்பறம் பேசுவோம்.”

பார்த்தேன். பெயர் இருந்தது. கட்டணத்தைச் சொன்னதும் அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

“இவ்ளோவா மேடம்? அண்ணன் அம்பது வெள்ளிதான வாங்குவாரு.”

“அந்த அம்பது வெள்ளிதாம்மா இன்னிக்கு ஒங்க லோரியக் கேக்குது.”

அதன் பிறகு அவர் கிராணி மகனைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேள்வி எல்லாம் பொருட்களைப் பற்றி. லோரி எப்போது வாங்கியது, தவணைத் தாள் எங்கே, கம்பி யாரிடம் வாங்கியது, நாற்காலிக்குப் பில் இருக்கிறதா. லோரியும் கூடாரமும் தேய்ந்துபோகிற பொருட்கள். அந்தத் தேய்மானத்துக்குச் சட்டமே ஆண்டுதோறும் கழிவு தருகிறது என்றார். மூன்று ஆண்டுகளாக அந்தக் கழிவை யாரும் கேட்கவே இல்லை. இல்லாத ஆட்களுக்குச் சம்பளம் எழுதத் தெரிந்தவருக்கு, வாசலில் நின்ற லோரி கண்ணில் படவில்லை. பொய் சொல்லிப் பெற்றுத் தந்ததில் பெரும்பகுதியை உண்மை சொல்லியே பெற்றிருக்கலாம் என்று தெரிந்தபோது, அதுவரை என்னிடம் இருந்தது வெறும் எரிச்சல்தான் என்று புரிந்தது. உண்மையான கோபம் அப்போதுதான் பிடித்தது.

வங்கி வரவுக்கு விளக்கம் வேண்டும் என்றார். அக்கா பையிலிருந்து கசங்கிய நாட்குறிப்புகளை எடுத்தாள். ஒவ்வொரு விசேஷத்துக்கும் வாங்கிய முன்பணம், திருப்பிக் கொடுத்த தேதி, “ரெண்டு நாற்காலி கால் போச்சு, இருவது வெள்ளி புடிச்சேன்” என்பது வரை அவள் எழுதி வைத்திருந்தாள். கூடாரம் திரும்பி வந்ததும் வாடிக்கையாளருக்கே திருப்பித் தரும் முன்பணத்தைத்தான் வரி அலுவலகம் வங்கி வரவைப் பார்த்து வருமானமாகக் கூட்டியிருந்தது.

“இத அவருகிட்ட காட்டலியா?”

“அவரு கேக்கலியே மேடம்.”

நான் புகாரைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“குடுங்க. தாராளமா குடுங்க. ஆனா அவருகிட்ட எழுதிக்கிட்டவங்க எத்தன பேரு? நாளைக்கு அவரத் தோண்டுனா அவங்க கணக்கெல்லாம் வெளிய வரும். லெட்டர் வர்றதுக்கு முன்னாடி அவங்களே போய்த் தப்பச் சொன்னா அபராதம் கொறையும். வந்ததுக்கப்பறம் சொன்னா ஏறும். நீங்க ஓங்குறது அவருக்கு, அடி விழுறது அவங்களுக்கு. பாத்துக்குங்க.”

பழி என்பது சாமான் ஏற்றுவதைப் போன்றது என்பதை அன்றுதான் கற்றேன். எதை முதலில் ஏற்றுவது, எதைக் கடைசியில் ஏற்றுவது என்று ஒரு வரிசை இருக்கிறது.

முப்பது நாள் கெடுவில் பதினேழாம் நாள் மேல்முறையீடு போய்ச் சேர்ந்தது. எத்தனையோ கடிதங்களுக்கும் இரண்டு நேர்ச் சந்திப்புகளுக்கும் பிறகு வரி குறைந்தது, அபராதமும் குறைந்தது. மீதியைத் தவணையில் கட்ட அனுமதி கிடைத்தது. பொய்ச் செலவுக்கு உரிய தண்டனையை அக்கா கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. லோரி கைவிட்டுப் போகவில்லை.

அதற்குள் நான் என் வரிசையைத் தொடங்கியிருந்தேன். முதலில் பூக்கடை அக்கா. பிறகு புல் வெட்டும் ஒப்பந்தக்காரர், மீ கோரெங் விற்பவர். ஒவ்வொருவரிடமும் அக்காவின் கடிதத்தையே காட்டினேன். வேறு பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. “ஆத்தாடி, எனக்கும் நாலு ஆளு போட்டிருக்காரா?” என்று பூக்கடை அக்கா தலையில் கை வைத்தார். அவருடைய கடையில் அவரைத் தவிர இருப்பது ஒரு பூனை. ஒருவர் பின் ஒருவராக அந்த மாடிக்கு ஏறினார்கள். ரகசிய எண்களை மாற்றினார்கள். தப்பைத் தாங்களே போய்ச் சொன்னார்கள்.

சனிக்கிழமைகளில் நான் எதிர்மேசையில் உட்கார்ந்து தே ஓ குடித்தேன். முதல் மாதம் அவருடைய மேசையில் இரண்டு நாற்காலி காலியானது. அடுத்து நான்கு. அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தினார். பிறகு பார்ப்பதையே நிறுத்தினார். அந்தத் தே ஓவைப் போல ருசியான ஒன்றை அதற்கு முன் நான் குடித்ததில்லை.

டயர் கடைக்காரர் மட்டும் அசையவில்லை. “அவுங்க அப்பாதாம்மா எனக்கு ஐசி எடுத்துக் குடுத்தாரு. நான் நன்றி கெட்டவன் இல்ல” என்றார். மூன்று முறை போனேன். நான்காவது முறையும் போயிருக்க வேண்டும். போகவில்லை. மற்றவர்களின் கையெழுத்தோடு புகாரை அனுப்பிவிட்டேன். சில மாதங்களில் டயர் கடைக்கும் கடிதம் வந்தது. வரி முகவருக்கு அவருடைய முதல் கட்டணத்தை நான்தான் கட்டினேன். இன்று அவருடைய கணக்கையும் அந்தப் பெண்மணிதான் பார்க்கிறார். ஆனால் டயர் கடைக்காரர் என்னோடு பேசுவதில்லை. ஒரு மாதம் பொறுத்திருக்கலாம். பொறுக்க எனக்கு விருப்பம் இல்லை என்பதே உண்மை.

கிராணி மகனை விசாரணைக்கு அழைத்தார்கள் என்று கேள்விப்பட்டோம். கோப்பிக் கடை மேசையில் இப்போது லாட்டரி விற்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நான் அக்கா வீட்டில் இருந்தபோது அவர் வந்தார். தோல் பை இல்லை. மகளுக்குப் பரிசம், அந்தத் தேதியில் வேறு எங்கும் கூடாரம் கிடைக்கவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடு என்று அக்காவுக்குக் கண் காட்டினேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

“எத்தன கெனோபிண்ணே?”

“ரெண்டு. நூறு நாற்காலி. தங்கச்சி, இந்த ரெசிட் கிசிட்டெல்லாம் வேணாம்லா, கொஞ்சம் கொறச்சிப் போடு. நம்ம தோட்டத்து ஆளுங்கதான.”

“ரெசிட் இல்லாம லோரி நகராதுண்ணே.” அக்கா புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினாள். “முழுப் பேரு எழுதுங்க. ஐசி நம்பரு. டெபாசிட்டுக்கு ஒரு சைன், வாடகைக்கு ஒரு சைன்.”

அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. விரலை வரிக்கு வரி ஓட்டிப் படித்தார். உடைந்த நாற்காலிக்கு எவ்வளவு, தாமதத்துக்கு எவ்வளவு என்ற பொடி எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். எங்கள் ஆட்கள் ஒருவரும் அவர் முன்னால் அப்படி உட்கார்ந்து படித்ததில்லை.

“நல்லா படிச்சிப் பாருங்கண்ணே,” என்றேன். “ஒங்க பேர்லதான போகுது.”

அவர் நிமிரவில்லை. போட்டார். அழுத்திப் போட்டதால் அடியில் இருந்த நகலிலும் நன்றாக விழுந்திருந்தது.

பரிசத்தன்று அக்கா சொன்ன நேரத்துக்கு லோரியை ஓட்டிக்கொண்டு போனாள். ஒரு நாற்காலி குறையவில்லை. முன்பணத்தை மறுநாளே திருப்பிக் கொடுத்தாள். அவர் கையெழுத்து விழுந்த அந்த ரசீதை மட்டும் நான் ஒரு படி எடுத்துக்கொண்டேன். தொழில் தாள்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று அந்தப் பெண்மணி சொல்லியிருக்கிறார். அக்காவின் படியை ஏழாம் ஆண்டு முடிவில் அவள் கிழித்துப் போடலாம். என்னுடையது இருக்கும்.