பீ ஹுவா பிளேடு மாற்றும் நேரம்

பீ ஹுவா என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறையான தெயிக் ஹுவாட்டின் மனைவி. மாத்தாங் பக்கம் படகுக்காரர் வீட்டுப் பெண். அவள் அம்மாவும் என் மூத்த அக்காவின் மாமியாரும் ஒன்றுவிட்ட சகோதரிகள். அந்த வழியில்தான் சம்பந்தம் பேசினோம். மலேசியாவில் எங்கள் ஊரான தைப்பிங்கில், சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சித்தப்பாவின் பிரேம் கடைக்கு மருமகளாக வந்தாள்.

தம்பி மரச்சட்டம் அறுப்பான். மவுண்ட் வெட்டுவது அவள் வேலை. படத்தைச் சுற்றிச் சட்டத்துக்குள் வைக்கிற கெட்டி அட்டைதான் மவுண்ட். நடுவில் ஜன்னல் போலத் திறந்திருக்கும். அந்த ஜன்னலைப் பிளேடைச் சாய்த்துப் பிடித்து வெட்ட வேண்டும். பிளேடு நன்றாக இருந்தால் ஓரம் வழவழவென்று வரும், நான்கு பக்கமும் வெட்டித் தூக்கினால் நடுத்துண்டு தானே விழும். மழுங்கிப் போயிருந்தால் ஓரம் பஞ்சாகும், துண்டு மூலையில் ஒட்டிக்கொண்டு தொங்கும்.

அவளுக்கு எந்தப் பிளேடின் மேலும் நம்பிக்கை கிடையாது. வந்த புதிதில் கோயில் கமிட்டிப் படத்துக்கு ஒரு மவுண்டைக் கெடுத்துவிட்டாள். என் சித்தி ஒரு வார்த்தை திட்டவில்லை. கெட்ட அட்டையைக் கல்லாவுக்கு மேலே ஆணி அடித்து மாட்டிவிட்டாள். சித்தி சாகும்வரை அது அங்கேதான் தொங்கியது. அதிலிருந்து பீ ஹுவா இரண்டு ஜன்னல் வெட்டினால் மூன்றாவதற்குப் பிளேடை மாற்றிவிடுவாள். "இவளுக்குப் பிளேடு மேல மசக்கை போல, அப்படி ஆசை" என்று தம்பி கேலி செய்வான். அவள் சிரிக்க மாட்டாள். கழற்றின பிளேடுகளை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி வைப்பாள்.

ஒரு வருஷம் சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு முன்னால் கெங் சிம் அக்கா கடைக்கு வந்தார். பெரிய அரிசிக் கடைக்காரர் வீட்டு மருமகள். செத்துப்போன அம்மாவின் படம் ஒன்றும், அம்மா கட்டிய பூப்போட்ட பாத்திக் கைலியில் மிஞ்சிய ஒரே துண்டும் கொண்டுவந்தார். கைலியை மவுண்டின் மேல் ஒட்டி, அதற்குள் அம்மா முகம் தெரிய வேண்டும். பெருநாளின் ஒன்பதாம் நாள் வானத்துச் சாமிக்குக் கரும்பு கட்டிக் கும்பிட்டதும் அவருடைய அண்ணன் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குத் திரும்பிவிடுவார். அதற்குள் படம் சாமி மேடையில் ஏற வேண்டும்.

பீ ஹுவா துணியை ஒட்டி, மேலே கனம் வைத்துக் காயவிட்டாள். பெருநாளுக்கு முந்தின நாள் வீட்டிலும் கடையிலும் உள்ள கத்தி, கத்தரிக்கோல், பிளேடு எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்தை வெட்டிவிடும் என்று கண்ணில் படாமல் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். விருந்து ஆறுகிறதென்று பீ ஹுவாவை வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் அந்த வேலையைத் தம்பி செய்தான். குப்பியில் இருந்த பழசையும் பெட்டியில் இருந்த புதுசையும் ஒரே மைலோ டின்னில் கொட்டி மூடினான். போகிற போக்கில் மெயின் சுவிட்சையும் அணைத்தான்.

ஆறாம் நாள் கடை திறந்தபோது நான் அன்னாசி பிஸ்கட் கொண்டுபோயிருந்தேன். பீ ஹுவா டின்னை மேசையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இதுல எது புதுசுன்னு உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

"எனக்கு உன் முகமே பாதிதான் தெரியுது."

தம்பி ரம்பத்துக்குப் பின்னாலிருந்து சொன்னான்: "எல்லாம் இரும்புதானே. ஏதாவது ஒண்ண எடுத்து வெட்டு."

"நீங்க பேசாதீங்க. பேசினீங்கன்னா உங்க காதுலதான் கூர் பாப்பேன்."

ஈப்போவில் பிளேடு விற்கிற கடை பெருநாளின் பதினைந்தாம் நாளுக்குப் பிறகுதான் திறக்கும். அவள் ஒவ்வொன்றாகக் கைப்பிடியில் மாட்டி, கழிவு அட்டையில் ஒரு கோடு இழுத்தாள். பஞ்சு. அடுத்தது. அதுவும் பஞ்சு. எதை மாட்டினாலும் அட்டையின் மேல்தாள் சுருண்டு கிழிந்தது. கடைசிப் பிளேடு வரை வந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து கெங் சிம் வந்தார். "முடிஞ்சுதா?"

"இன்னும் வெட்டலக்கா."

"அஞ்சு நாளா என்ன, பிஸ்கட் தின்னியா? உக்காந்துக்கறேன், வெட்டு. என் கண்ணு முன்னால வெட்டு."

பீ ஹுவா கைலி அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். பிளேடை வைக்கப் போனவள் உள்ளங்கையை அட்டையில் அழுத்தியபடி அப்படியே நின்றாள். பிறகு கழிவு அட்டையைத் தொட்டாள். என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தாள். குளிர்ந்து, துவைத்துக் காயாத துணி மாதிரி இருந்தது.

எங்கள் ஊரில் மழை பெய்யாத சாயங்காலம் குறைவு. அதனால் அட்டையில் ஈரம் ஏறாமல் இருக்க அலமாரிக்குள் எப்போதும் ஒரு பல்பு எரியும். மெயின் சுவிட்ச் அணைந்திருந்த ஐந்து நாளும் அது எரியவில்லை.

"பிளேடு கெடல" என்றாள். "அட்டை நனைஞ்சிருக்கு. இவ்ளோ நேரம் நல்லதையும் சேத்துக் கெட்டதுன்னு ஒதுக்கிட்டேன்."

ரம்பச் சத்தம் நின்றது. பீ ஹுவா கெங் சிம் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இன்னைக்கு வெட்ட மாட்டேன். வெட்டினா துணி இழுபட்டு நூல் பிரியும். நாளைக்கு வாங்க."

"நாளைக்கும் இதே கதை சொன்னா? அண்ணன் பிளேன் ஏறிப் போயிடுவார். அப்புறம் யாருக்குக் காட்ட?"

"அவர் போறதுக்குள்ள தரேன்."

"எங்கம்மா கைலி அது. உங்கம்மாது இல்ல" என்று சொல்லிவிட்டுக் கெங் சிம் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

பல்பைப் போட்டு, கைலி அட்டையையும் கழிவு அட்டைகளையும் அலமாரியில் நிறுத்தினார்கள். பத்து தடவையாவது பீ ஹுவா கதவைத் திறந்து தொட்டுப் பார்த்திருப்பாள். "நீ திறந்து திறந்து பாத்தா எப்படிக் காயும்?" என்று தம்பி கேட்டதற்கு, பிளேடைத் தூக்கிக் காட்டினாள்.

மறுநாள் காலை அட்டை மொடமொடவென்று இருந்தது. மறுபடி எல்லாப் பிளேடையும் இழுத்துப் பார்த்தாள். இப்போது பழசு கரகரத்து இழுத்தது, புதுசு சத்தமில்லாமல் ஓடியது. தேறியவை ஐந்தே ஐந்து. ஆனால் முந்தின நாள் ஈரத்தில் அவையும் கொஞ்சம் தேய்ந்திருக்கும் என்று அவளுக்குச் சந்தேகம். கெங் சிம் வந்து உட்கார்ந்தார். கூடவே அண்ணனும் வந்திருந்தார், முழுக்கைச் சட்டை போட்ட பெரிய மனிதர்.

ஒரு பக்கம் வெட்டினாள். பிளேடைக் கழற்றினாள். புதிது மாட்டினாள். அடுத்த பக்கம். பக்கத்துக்கு ஒரு பிளேடு. தம்பி கேலி செய்யவில்லை. கழற்றினதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டான்.

நான்காவது பக்கம் முடிந்து அட்டையைத் தூக்கினாள். நடுத்துண்டு விழவில்லை.

கெங் சிம் எழுந்துவிட்டார். பீ ஹுவா அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மூலையில் கைலியின் ஒரே ஒரு இழை பிடித்துக்கொண்டிருந்தது. கையால் இழுத்தால் பூ முழுக்கப் பிரிந்து வரும். மிச்சமிருந்த ஐந்தாவது பிளேடைக் கையிலேயே பிடித்து, அந்த இழையின் மேல் வைத்தாள்.

துண்டு மேசையில் விழுந்தது. ஓரம் சுத்தமாக இருந்தது.

கெங் சிம் ஜன்னலுக்குப் பின்னால் அம்மா படத்தை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் விழுந்த துண்டை எடுத்தார். "இது குப்பைக்கா போகும்?" என்று கேட்டார்.

"ஆமா. வேணும்னா..."

அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு பீ ஹுவாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தத் துண்டுல வெட்டின இடத்துல துணி ஓரம் ஒட்டாம இருக்கு. பெர்த்துக்குப் போறதுக்குள்ள நூல் பிரிஞ்சிடும். ஓடிப் போய் வாங்கிட்டு வந்து கொஞ்சம் பசை தடவிக் குடுத்துடட்டுமா?"

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. தம்பி குடையை விரித்துக் கொடுத்தான்.