மூலை மேசையில் ஜாதிக்காய் ஜூஸ்

நானும் தங்கையும் நிபோங் திபாலில் பிறந்து வளர்ந்தவர்கள். பினாங்குத் தீவு எங்களுக்குப் பக்கம்தான். அதனாலேயே அங்கே ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவோம். போன ஆண்டு இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தபோது கடற்கரையோரம் ஓர் அறை எடுத்தோம்.

"அடுப்புப் பக்கமே போகக்கூடாது. நல்லா திங்கணும், தூங்கணும், அவ்வளவுதான் லா" என்றாள் தங்கை.

நாங்கள் போன நேரம் காட்டுத்தீப் புகைமூட்டம். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தன. அலைச்சத்தம் கேட்டது, அலையைக் காணோம். மணலில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. அங்கே இருக்கப் பிடிக்காமல் பஸ் ஏறி டவுனுக்கு வந்துவிட்டோம்.

பழைய கடைவீடுகள் நிறைந்த ஒரு சந்தில் மீ கோரிங் நூடுல்ஸ் வாசம் எங்களை இழுத்தது. ஒரு தமிழ் அம்மாளின் ஒட்டுக்கடை. தங்கை முன்னால் போனாள். எனக்குப் புகையில் தொண்டை கரகரத்ததால், எதிர்க்கடையில் மிட்டாய் வாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.

உள்ளே தங்கையைக் காணவில்லை. மூலை மேசையில் ஒரு தட்டு மீ கோரிங்கும் ஒரு கிளாஸ் ஜாதிக்காய் ஜூஸும் இருந்தன. கிளாஸ் கொஞ்சம் குறைந்திருந்தது. தங்கைக்குப் பொறுமை கிடையாது. எதைக் கண்டாலும் ஒரு வாய் பார்த்துவிடுவாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து குடித்தேன்.

அப்படியொரு ஜூஸை நான் குடித்ததே இல்லை. முதலில் புளிப்பு, பிறகு உப்பு, கடைசியில் தொண்டைக்குள் இதமாக இறங்கும் ஒரு காரம். கிளாஸைக் கீழே வைத்தபோதுதான் கவனித்தேன். வாணலியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. கடையில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்பக்கத்திலிருந்து தங்கை கையை உதறிக்கொண்டு வந்தாள். "யாரு வாங்குனா இத? நான் இன்னும் ஆர்டரே பண்ணலியே!"

நான் பதறி எழுந்து கடைக்கார அம்மாளைப் பார்த்தேன். "சாரிக்கா, எங்க மேசைன்னு நெனச்சிட்டேன்."

கடைக்கார அம்மாள் கோபப்படவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து கிளாஸைக் கையில் எடுத்தார். "முழுசா ஊத்தி வெச்சேன். எல்லாம் நீங்களேவா குடிச்சீங்க?"

"இல்லக்கா. வரும்போதே கொறஞ்சுதான் இருந்துச்சு. தங்கச்சி குடிச்சிருப்பான்னு..."

"நான் அந்தப் பக்கமே போகலியே. நேரா கைகழுவப் போயிட்டேன்" என்றாள் தங்கை.

பக்கத்து மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "நான் இங்கதான் உக்காந்திருக்கேன். அந்த மேசைக்கு யாரும் வரல."

காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் எனக்குப் பின்கழுத்து வேர்த்தது.

"எவ்வளவு கொறஞ்சிருந்துச்சு?" என்று கேட்டார் அந்த அம்மாள். கிளாஸில் விரல் வைத்துக் காட்டினேன். இரண்டு மடக்கு இருக்கும். அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு, என் எதிரில் மெல்ல உட்கார்ந்தார்.

"அவருக்கு வெச்சது" என்றார். "என் வீட்டுக்காரரு. தூண்டில் போடக் கடலுக்குப் போனாரு. படகு மட்டும்தான் கெடச்சுச்சு. கருமாதி பண்ணிடுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஆளையே பாக்காம எப்படிம்மா பண்றது? எங்கயோ கரை ஏறியிருப்பாரு, ஒரு நாளு பசியோட வருவாருன்னு தெனமும் வெப்பேன்."

பனிக்கட்டி கரைந்திருக்கலாம், நீங்களே கொஞ்சம் குறைத்து ஊற்றியிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கை மேசைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "உயிரோட இருந்தா கிளாஸைக் காலி பண்ணாம எந்திரிக்க மாட்டாரும்மா. ரெண்டு மடக்கோட போயிட்டாரு."

பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்து எங்களுக்குப் புதிதாக மீ கோரிங் பிரட்டினார். புளி, மிளகாய், பொரித்த தவ்வு என்ற சோயாக்கட்டி எல்லாம் கச்சிதம். பினாங்கில் நான் சாப்பிட்டதிலேயே அதுதான் சிறந்தது. ஆனால் சாப்பிட்ட நேரம் முழுக்க, என் நாற்காலிக்குப் பின்னால் யாரோ இடத்துக்காகக் காத்து நிற்பதுபோலவே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பும் நாளில், தங்கை வற்புறுத்தியதால் மறுபடி அங்கே போனோம். மூலை மேசையில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தனியாக வைத்த தட்டும் இல்லை, கிளாஸும் இல்லை.

"ஐயர்கிட்டப் பேசிட்டேன்" என்றார் அந்த அம்மாள். முகம் வெளுத்திருந்தாலும் குரல் தெளிவாக இருந்தது. "கடற்கரையிலயே பண்ணிடலாம்னு சொன்னாரு. நீங்க நல்லா இருக்கணும்மா. ஒரு பதில் கெடச்சுச்சு."

என் விரல் காட்டிய இடத்தை நம்பி, அவர் ஒரு மனிதரைச் செத்தவராக்கிவிட்டார்.

புறப்படும்போது ஜாதிக்காய் ஜூஸைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் வளையம் போட்டுக் கையில் கொடுத்தார். ஃபெர்ரியில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில்லென்று பாவாடை நனைந்தது. எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை. தங்கை வாங்கி, உறிஞ்சுகுழல் போட்டு, ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.