மறைத்து வைத்த வெளிச்சம்

அன்பானவர்களே, நான் சரியான பயந்தாங்கொள்ளி. அதையும் சேர்த்துத்தான் இந்தச் சாட்சியைச் சொல்கிறேன்.

பிராங்பேர்ட்டில் முதியவர்களின் வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் வான் ஓட்டுகிறேன். போன செப்டெம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை, சிவப்பு விளக்கில் நிற்கும்போது இடது கண்ணின் ஓரத்தில் மின்னல் மாதிரி ஒரு வெளிச்சம் வெட்டியது. கண்ணை மூடினாலும் வெட்டியது. ஐயோ, பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்த பிறகுதான் வானை எடுத்தேன்.

கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போவார், வைத்தியர் வான் ஓட்டக்கூடாது என்பார். எங்கள் செபக்குழுவை நடத்தும் றெஜினா அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"பிள்ளை, இது ஆண்டவர் காட்டுற காட்சி. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றார்.

அதைக் கேட்டு இன்னும் பயந்தேன். கறிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்பதே நினைவில் நிற்காத எனக்குக் காட்சியா? வியாழனும் வெள்ளியும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, எனக்கு இந்த வெளிச்சம் வேண்டாம், எடுத்துவிடும்" என்று மன்றாடினேன்.

சனிக்கிழமை பின்னேரம் வெளிச்சம் நின்றது. அதற்குப் பதிலாக அந்தக் கண்ணின் கீழ் மூலையிலிருந்து ஒரு கறுப்புத் திரை எழும்பியது. அருளை வேண்டாம் என்றவளுக்குத் தண்டனை என்றே நினைத்தேன். அன்றைக்குப் பட்ட பயம் என் எதிரிக்கும் வரவேண்டாம்.

மறுநாள் ரைன் நதிக்கரையில் உள்ள புனித ஹில்டகார்ட்டின் கோவிலுக்கு எங்கள் சனம் யாத்திரை போனது. நானும் போனேன். பிரசங்கத்தில் பாதர் அந்தப் புனிதையின் வாழ்க்கையைச் சொன்னார். சின்ன வயதிலிருந்தே வெளிச்சம் கண்டவராம். சனம் என்ன சொல்லுமோ என்று பயந்து நாற்பது வயது தாண்டும்வரை பெரும்பாலும் மறைத்தே வைத்திருந்தாராம். கண்டதை எழுது என்று ஆண்டவர் கட்டளையிட்டும் தயங்கி, நோயில் விழுந்தாராம். எழுதத் தொடங்கிய பிறகுதான் படுக்கையை விட்டு எழும்பினாராம்.

இவ்வளவு பெரிய புனிதையே பயந்திருக்கிறாரா! பூசை முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. பக்கத்தில் இருந்த கணவரின் கையைச் சுரண்டினேன்.

"இஞ்சாருங்கோ, எனக்கு இடது கண் பாதி தெரியேல்லை."

"என்ன கதைக்கிறாய்? எப்ப தொட்டு?"

"நேற்றுப் பின்னேரம் தொட்டு. செவ்வாய்க்கிழமையே மின்னத் தொடங்கீட்டுது."

"விசரே உனக்கு? எழும்பு!"

நற்கருணைக்கு முன்பே வெளியே வந்துவிட்டோம். ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கண்ணைப் பார்த்த பெண் வைத்தியரின் முகம் மாறியது. விழித்திரை கிழிந்து கழன்றுகொண்டு வருகிறது, நடுப்பகுதிக்கு இன்னும் எட்டவில்லை, உடனே சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்றார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டு, நல்ல வேளை இன்றைக்கு வந்தீர்கள் என்றார்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு, விழித்திரை ஒட்டுவதற்காக ஒரு கிழமை, ஏழு நாளும், முகம் கவிழ்ந்து கிடந்தேன். பார்வை வருமா வராதா என்று தெரியாத ஒரு கிழமை. ஆனால் அந்தப் பயத்தை ஒளிக்கவில்லை. கணவரிடமும் சொன்னேன், தாதியிடமும் சொன்னேன், புனிதையிடமும் சொன்னேன். மெல்ல மெல்லப் பார்வை திரும்பியது. வைத்தியர் சம்மதித்த பிறகு வானையும் மறுபடி எடுத்தேன். றெஜினா அக்கா வந்து, "பிழை விட்டிட்டன் பிள்ளை" என்று அழுதார். ஒளித்தது நானும்தானே, அவரை எப்படிக் கோபிப்பது?

நான் கேட்டது வெளிச்சத்தை எடுக்கச் சொல்லி. ஆண்டவர் திறந்தது என் வாயை. அவருக்குக் கோடி நன்றி. உங்களில் யாராவது எதையாவது பயந்து மறைத்து வைத்திருந்தால், அவரை நம்பி முழங்காலில் நில்லுங்கள். பிறகு எழும்பி, இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள்.