அக்காவைப் பார்க்காத கட்டடம்

என் பெரியம்மா மகள், என்னைவிட மூன்று வயது மூத்தவள், அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியைப் பதினோரு வருடம் துடைத்தாள். அவள் துடைத்த தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஆனால் அந்தக் கட்டடத்தின் சாமான்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

கழிப்பறைக் குழாய்க்குக் கீழே கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் வர வேண்டும். வெளுத்த கைக்கு வரும், அக்காவின் கைக்கு வராது. சோப்புப் பெட்டியும் அதே ரகம். எங்கள் அம்மாக்கள் கறுப்பினத்தவர்கள். என் அப்பா வெள்ளையர் என்பதால் எனக்குப் பாதி நிறம் வாய்த்தது. குழாய்க்கு அந்தப் பாதி போதும். அக்கா வெள்ளைத் தாளைக் கையில் சுற்றி நீட்டுவாள், உடனே கொட்டும். காகிதத்துக்கு இருக்கிற மரியாதையைப் பாருடி என்று சிரிப்பாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பிறகு வாசலில் முகம் பார்த்துக் கதவு திறக்கும் இயந்திரம் வைத்தார்கள். வருகைப் பதிவும் அதில்தான். நிரந்தர ஊழியர்களை வரிசையில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். அங்கேயே துடைக்கும் தற்காலிக ஆளான எனக்கு நோட்டில் கையெழுத்து மட்டும்தான். அக்காவுக்குப் பின்னால் வாளியோடு சும்மா நின்றேன். காலையில் யார் முகத்தில் முழித்ததோ அந்த இயந்திரம், வெகு நேரம் தேடியது. கடைசியில் பச்சை விளக்கு எரிந்தது.

மறுநாள் அக்கா தனியாக நின்றபோது திரையில் ‘ஆள் இல்லை’ என்று வந்தது. நான் பின்னால் போய் நின்றதும் கதவு திறந்தது. அவள் பெயருக்கு அது பிடித்து வைத்திருந்தது என் முகத்தை. வெளியே சொன்னால் இரண்டு பேர் வேலையும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டோம். தினமும் அவள் தோளுக்கு மேல் தலையை நீட்டினேன்.

காய்ச்சலில் நான் நான்கு நாள் படுத்துவிட்டேன். அக்கா சரக்கு இறக்கும் வாசல் வழியாகப் போய் வழக்கம்போல் மாடியைத் துடைத்திருக்கிறாள். ஐந்தாம் நாள் சூப்பர்வைசர் எங்களைக் கூப்பிட்டார். பதிவில் அக்கா நான்கு நாளும் வரவில்லையாம், சொல்லாமல் நின்றால் வேலை கிடையாதாம்.

“தரையை யாரோ தொடச்சிருக்காங்க. நீங்க வரலையே,” என்றார்.

அக்கா அவருக்கு நேர் எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

பொறுக்க முடியாமல் நான் உண்மையை உடைத்தேன். அவர் எங்களை வாசலுக்குக் கூட்டிப்போனார். அக்கா தனியாக நின்றாள், ஆள் இல்லை. நான் நின்றேன். இயந்திரம் அக்காவின் பெயரைச் சொல்லி என்னை வரவேற்றது.

சூப்பர்வைசருக்குக் கோபமே வரவில்லை. பெரிய சிக்கல் தீர்ந்த மாதிரி மூச்சு விட்டார்.

“அப்போ நீங்கதான் அவங்க. நாளையிலேருந்து நிரந்தரம். இவங்க கிளம்பலாம்.”

நான் மறுத்திருக்க வேண்டும். வெட்கம் கெட்டுத் தலையாட்டினேன்.

இப்போது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் நான் அவள்தான். வீட்டில் அக்காவும் என்னைத் தன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். நானும் என்னக்கா என்று திரும்பிவிடுகிறேன்.