கொரிய ஓவியரின் படத்துக்குப் போன ஞாயிறு

முற்காலத்தில் கொரியாவில் வாழ்ந்த ஓர் ஓவியரைப் பற்றிய படத்துக்கு மகள் என்னைக் கூட்டிப்போனாள். அப்போது அவள் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தாள். நேரம் கிடைத்தால் தாளும் பென்சிலுமாக இருந்து படம் கீறுவாள். நான் ரூ காய் தெருவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடையில் சமையல். ஞாயிறு கடை நிரம்பும் நாள். முதலாளியிடம் கெஞ்சித்தான் விடுப்பு எடுத்தேன்.

படத்தில் பேச்சு கொரிய மொழி. கீழே பிரெஞ்சு எழுத்து ஓடியது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரு வரியில் பாதி வாசிக்கும்போதே அடுத்த வரி வந்துவிடும். மகளிடம் கேட்கக் கூச்சம். இடைவேளையில் கேட்கலாம் என்று இருந்தேன். இந்தப் பிரெஞ்சு நாட்டுக்கு வந்து நான் பார்த்ததெல்லாம் தமிழ்ப் படங்கள். நடுவில் விளக்குப் போடுவார்கள். இந்தப் படத்தில் விளக்குப் போட்டபோது எல்லோரும் கோட்டுகளை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அவர் குடித்தார், கத்தினார், தான் கீறியதைத் தானே கிழித்தார். ஓரிடத்தில் தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஒரு மரக்கிளையை வரைந்தார். அதைப் பார்த்து அப்படியே இருந்துவிட்டேன்.

கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்து வந்தோம்.

“பிடிச்சுதோ அப்பா?”

“ஓம். ஆனா இடைவேளை விடாம ஏமாத்திப்போட்டாங்கள்.”

“பின்ன, நடுவில வடையும் விக்கவேணுமோ?” என்று சிரித்தாள். பிறகு, “அந்த மனுசனைப் பற்றி என்ன நினைக்கிறீங்கள்?” என்றாள்.

கிளையைப் பற்றித்தான் சொல்ல நினைத்தேன். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பேசாமல் வருவதும் சரியில்லை என்று, “குடிச்சே அழிஞ்சுபோனான். கீறி என்னத்தைக் கண்டவன்?” என்றேன்.

“ஓம் அப்பா” என்றாள்.

சில வாரங்கள் கழித்து மனைவி சொன்னாள். மகளுக்கு ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்ததாம். படம் பார்த்துவிட்டு வரும் வழியில் என்னிடம் கேட்க இருந்தாளாம். “அப்பாக்கு விருப்பமில்லை எண்டு விளங்கீட்டுது, வேண்டாமெண்டு எழுதிப்போட்டன்” என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள்.

அன்று பின்னேரம் அவள் வரும்வரை காத்திருந்தேன்.

“நீ போய்ப் படி பிள்ளை. நான் மறிக்கேல்லை.”

“இப்ப இடமில்லை அப்பா. வேற ஆளுக்குக் குடுத்திட்டாங்கள்.”

“அடுத்த வருசம்?”

“பரவாயில்லை. அது சும்மா ஒரு ஆசை.”

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். இரவுக்கு என்ன சாப்பாடு என்று தாயைக் கேட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். எழும்பிப் பின்னால் போயிருக்கலாம். நான் போகவில்லை.